கடைசி ரீல் கண்ணையா

அந்தமானில் சௌல்தாரி கிராமத்துக் கண்ணையாவுக்கு இரண்டு தொழில். காலையில் இரண்டு மாட்டுக்கும் கொஞ்சம் தென்னைக்கும் சேவகம். மத்தியானத்துக்கு மேல் போர்ட் பிளேர் கடலரசி டாக்கீஸின் விளம்பர மைக். மாடுகள் அவரை மதித்ததில்லை. மைக்கைப் பிடித்துவிட்டால் மட்டும் தீவில் அவரைத் தெரியாதவர் கிடையாது.

ஐம்பத்தேழில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து சாத்தம் மர ஆலைக்குக் கூலியாக வந்தவர். ஆலை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடவே தொண்டை கிழியும். கண்ணையா கூப்பிட்டால் சாத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். அரசாங்கக் கட்டடங்களைக் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த பக்தவத்சலம், சும்மா கிடந்த பணத்தைப் போட்டு ஒரு சினிமாக் கொட்டகையைத் திறந்தபோது, முதலில் வாங்கியது இந்தத் தொண்டையைத்தான். மைக் செட் ரிப்பேரானாலும் விளம்பரம் நிற்காது என்று கணக்குப் போட்டிருப்பார்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் வசனம் கேட்காது. பெய்யாவிட்டால் பாதிப் பேருக்கு வசனம் புரியாது, ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லாரும் உண்டு. அதனால் படம் வருவதற்கு முன்பே கண்ணையா ஜீப்பில் ஊர் ஊராகப் போய்த் தமிழும் இந்தியும் கலந்து கதையைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கதை தெரியாத படத்துக்கு இங்கே ஒருவரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவன் மாப்பிள்ளை யார் என்று கேட்டுக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி.

கதை கண்ணையாவுக்கு எப்படித் தெரியும்? மதராசிலிருந்து வரும் பாட்டுப் புத்தகத்தில் சுருக்கமாகப் போட்டிருக்கும். முக்கியமான கட்டத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கைகழுவிவிடும். மைக்கில் கண்ணையாவும் அதோடு நிறுத்திக்கொள்வார்.

மீதியைச் சொல்லும் இடம் வேறு. படம் ஆறரைக்கு ஆரம்பிக்கும். சௌல்தாரிக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு. பகலில் தகர இடுக்கெல்லாம் வெயில் வந்து திரை வெளுத்துப்போகும் என்பதால் மேட்னி என்ற பேச்சே இல்லை. ஆகவே சௌல்தாரிக்காரர்கள் இடைவேளை முடிந்து ஒரு பாட்டுப் பார்த்துவிட்டு எழுந்து ஓட வேண்டும். அவர்கள் யாரும் எந்தப் படத்தின் முடிவையும் கண்ணால் பார்த்தது கிடையாது. பஸ் கிளம்பியதும், டீக்கடை வைத்திருக்கும் விசாலாட்சி பின் சீட்டிலிருந்து, “அப்புறம் என்னண்ணே ஆச்சு?” என்று கேட்பாள். முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து கண்ணையா முடிவைச் சொல்லுவார். வில்லன் திருந்துவான், தொலைந்த பிள்ளை கிடைக்கும், சில நாள் வழியில் மரம் விழுந்து பஸ் நின்றால் இரண்டு கல்யாணம் கூடுதலாக நடக்கும்.

“இதெல்லாம் நீங்க எப்பண்ணே பாத்தீங்க?” என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள்.

“பிரிண்ட் சரியா இருக்கான்னு பாக்கணும்ல. காலைல ஆபரேட்டர் உதயசூரியன் கடைசி ரீலை எனக்குத் தனியா ஓட்டிக் காட்டுவான்” என்றார் கண்ணையா. டவுனிலும் முதலாளியிடமும் இதையே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

முழுப் பொய். எந்த ஆபரேட்டரும் அவருக்கு ஒரு சாண் பிலிம்கூடக் காட்டியதில்லை. எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களில் முதல் ஆள் அவர்தான். ஒன்பது வருஷமாக ஒரு முடிவையும் பார்க்காத மனுஷன், ஒன்பது வருஷமாக முடிவு சொல்லிக்கொண்டிருந்தார். இது வெளியே தெரிந்தால் மைக் போகும். மைக் போனால் மாடு இருக்கிறது. அந்த முன் சீட் போனால் என்ன இருக்கிறது?

அறுபத்தொன்பதில் அந்தப் பெரிய படம் வந்தது. தமிழ்நாட்டில் வெளியாகும் அதே வெள்ளிக்கிழமை அந்தமானிலும் வெளியாகும் என்று பிரிண்டை முன்கூட்டியே கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை தீவுக்கு வந்த படமெல்லாம் மதராசில் ஓடித் தேய்ந்து கீறல் விழுந்து, பென்ஷன் வாங்குகிற வயதில் வந்தவை. இது பெட்டி பிரிக்காமல் வந்தது. எத்தனை லட்சம் செலவு, எத்தனை யானை, எத்தனை செட் என்று எல்லாவற்றையும் மதராஸ் கம்பெனி கடிதத்தில் அளந்திருந்தது. கூடவே ஒரு கட்டளை: கதையில் ஒரு வரிகூட வெளியே தெரியக் கூடாது. பாட்டுப் புத்தகத்திலும் கதை கிடையாது. முடிவு பரம ரகசியம். படம் முடியும் வரை யாரையும் வெளியே விடக் கூடாது.

ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடலுக்கு இந்தப் பக்கமிருந்து யாராவது தந்தி அடித்து மதராசில் முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம்.

பக்தவத்சலத்துக்கு ரகசியம் என்ற சொல்லே போதையேற்றியது. டெண்டர் கவரில் அரக்கு வைத்துப் பழகிய கை. அந்த அரக்கு காய்வதற்குள் உள்ளே இருக்கும் தொகை டெலானிபூர் டீக்கடைக்குத் தெரிந்துவிடும் என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை. பிலிம் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

“தோ பார் கண்ணையா, கதை கிதைன்னு வாயத் தொறந்த, மைக்கைப் புடுங்கிடுவேன். ரகசியம், ரகசியம்னு மட்டும் சொல்லு. ஜனங்க அப்படியே அலைமோதும்.”

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கண்ணையா ஜீப்பில் ரகசியம் ரகசியம் என்று தொண்டை கிழியக் கத்தினார். ரகசியத்தை ஸ்பீக்கரில் கத்திய முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். புரோத்ராபூரில் ஜீப்பை நிறுத்திய வங்காளி விவசாயி ஒருவர், “கஹானி க்யா ஹை?” என்று கேட்டார். கதை சொல்லக் கூடாது என்றதும், கதையே இல்லாத படம் போலிருக்கிறது என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். புதன்கிழமைக்குள் செய்தி வளர்ந்துவிட்டது. கடைசி ரீல் சாத்தம் ஜெட்டியில் இறக்கும்போது கடலில் விழுந்துவிட்டதாம், முதலாளி அதை மறைக்கத்தான் ரகசியம் என்கிறாராம். முன்பதிவுக்கு வந்து நின்றது முதலாளியின் மச்சான் ஒருவர்தான், அவரும் இலவச டிக்கெட் கேட்டு.

புதன் சாயங்காலம் பக்தவத்சலம் கண்ணையாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“யோவ், ரகசியத்தக் கொஞ்சம் வெளிய விடு.”

“முதலாளி, நீங்கதானே கூடாதுன்னீங்க.”

“நான் சொன்னேன்னு இல்லய்யா. நீயா, வாய் தவறி, ரெண்டு பேருகிட்ட. முடிவ மட்டும். எப்பிடியும் நீயும் உதயசூரியனும் ஏதோ வழி பண்ணிப் பாத்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா? நான் கேக்க மாட்டேன். பாத்தாச்சா இல்லியா?”

பூட்டிய அலமாரி பின்னால் நிற்கிறது. சாவி முதலாளியின் இடுப்பில் தொங்குகிறது. இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனுஷனுக்கு வாய்க்காது. ஆனால் இதைப் பார்க்கவில்லை என்றால், மற்றதையெல்லாம் பார்த்தாயா என்ற கேள்வி வரும்.

“பாத்தாச்சு முதலாளி” என்றார் கண்ணையா.

அன்றைக்கே அபர்தீன் பஜார் டீக்கடையில் இரண்டு பேரிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னார். கொலைப் பழி சுமந்த கதாநாயகன் தூக்குமேடை வரை போய்த் தப்பிக்கிறான், கண் தெரியாத தாய்க்கு அந்த நிமிஷமே பார்வை வருகிறது, அப்புறம் கல்யாணம். படத்தில் தூக்குமேடை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், போஸ்டரில் இருந்தது. தாய்க்குக் கண் தெரியாது என்பது அனுபவம்.

பெட்ரோல் போட்டு இரண்டு நாள் சுற்றியும் நகராத ஊர், காதோடு சொன்ன இரண்டு வார்த்தைக்குக் கிளம்பி வந்துவிட்டது. வியாழன் மத்தியானத்துக்குள் டிக்கெட் தீர்ந்தது. ரகசியத்தைத் தெரிந்துகொண்டவர்கள் எல்லாரும், மற்றவர்களுக்குத் தெரியாது என்ற சந்தோஷத்தோடு வரிசையில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமைதான் கண்ணையாவுக்கு அடி விழுந்தது. முடிவு வரை யாரும் எழக் கூடாது என்ற கட்டளைக்காக, முதலாளி தன்னுடைய மணல் லாரியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார். படம் விட்டதும் சௌல்தாரிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக. எட்டரைக்கு ஒருவரும் ஓட வேண்டாம். கதவை உள்ளே தாழ்போட்டு அதன் மேல் சாய்ந்து நிற்கும் வேலையைக் கண்ணையாவிடமே கொடுத்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணையா ஒரு படத்தின் கடைசி ரீலைப் பார்த்தார். கதாநாயகன் படியேறினான். கயிறு கழுத்தில் விழுந்தது. ஆள் வந்து நிறுத்தவில்லை, கடிதம் வரவில்லை. தூக்கில் போட்டுவிட்டார்கள். கண் தெரியாத தாய் கடைசி வரை கண் தெரியாமலே நின்றாள். ‘வணக்கம்’ என்று எழுத்து வந்தது. பெஞ்சில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நல்ல படம்தான், அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

வெளியே பக்தவத்சலம் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. “பலே ஆளுய்யா நீ. தப்பான முடிவ வெளிய விட்டு ரகசியத்தையும் காப்பாத்திட்ட, ஹவுஸ்புல்லும் பண்ணிட்ட. மதராசுக்கு இன்னிக்கே லெட்டர் எழுதுறேன்.” யாருடைய யோசனை என்று அதில் எழுதப்போகிறார் என்பது கண்ணையாவுக்குத் தெரியும். மைக் பிழைத்தது. மீதி லாரியில் இருந்தது.

லாரியில் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறப்போனவரை, “இங்கயே வாங்கண்ணே” என்று விசாலாட்சி பின்னால் கூப்பிட்டு உட்காரவைத்தாள். காலுக்கடியில் ஈர மணல் நறநறத்தது. வழியில் கராச்சார்மா ஊர் வரும் வரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“தங்கச்சி, சொன்னது பொய். இது மட்டும் இல்ல. இத்தன வருஷமா சொன்ன எதையும் நான் பாத்தது கிடையாது.”

“தெரியும்ணே” என்றாள் விசாலாட்சி.

“என்ன தெரியும்?”

“வெயில்ல திரை தெரியாதுன்னுதானே மேட்னியே இல்ல. அப்புறம் காலைல உங்களுக்கு மட்டும் எந்த இருட்டுல ஓட்டிக் காட்டுனாங்க? ராத்திரியும் எங்ககூடத்தான் பஸ்ஸுக்கு ஓடியாறீங்க.”

லாரி முழுவதும் சிரித்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் வருஷத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. ஊரே பொத்திவைத்த ரகசியம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கண்ணையாவுக்குத் தெரியாமல் பொத்திவைத்தது. அவமானமாக இருந்தது. இத்தனை பேர் தன் மானத்தை ஒன்பது வருஷமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதும் கூடவே உறைத்தது.

“தெரிஞ்சா பின்ன எதுக்குக் கேட்டீங்க?”

“கேக்க நல்லாருந்துச்சு, கேட்டோம்” என்றாள். “டவுன்ல பாத்தவங்ககிட்ட நாங்க ஒருநாளாவது விசாரிச்சிருப்பமா? இன்னிக்கு உக்காத்தி வச்சு, கதவப் பூட்டி, அந்தப் புள்ளயத் தூக்குல போட்டுக் காட்டுறானுங்க. அதுக்கு டிக்கெட் வேற.”

எதிரே உட்கார்ந்திருந்த மண்டல் பாபு, வங்காளி, ஒரு தமிழ் வார்த்தை தெரியாமல் ஒன்பது வருஷமாகத் தமிழ்ப் படம் பார்ப்பவர், முழங்காலில் தட்டினார். “அப் போலோ, கண்ணையா பாய். லட்கா கைசே பச்சா?” சற்று முன் எல்லார் கண்ணெதிரிலும் தொங்கிய பையன் எப்படித் தப்பினான் என்று சொல்லச் சொல்கிறார்.

லாரி மேட்டில் ஏறத் திணறியது. எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்ணையா பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கயிறு கவர்மென்ட் கயிறு” என்று ஆரம்பித்தார். “நம்ம முதலாளி கான்ட்ராக்ட் எடுத்து சப்ளை பண்ணது. அது எத்தன ஆளத் தாங்கும், சொல்லுங்க?”