பட்டுச்சேலையும் கச்சான் காற்றும்

தரையிறங்கக் கடினமான, இறங்கிய பின் மனம் நிறைகிற இடம் எது என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். பதினோரு வருடமாகச் சிறிய விமானம் ஓட்டுகிறவன் என்பதால், மலைகளுக்கு நடுவே வளைந்து போய் இறங்கும் பூட்டானின் பாரோ விமான நிலையத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இனிமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்தைத்தான் சொல்வேன். அங்கே நான் இறங்கவே இல்லை என்பது வேறு விஷயம். கீழே நின்று பார்த்தேன்.

என்னோடு விமானம் ஓட்டப் படித்தவள் நிலூஃபா. இலங்கையின் பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். இப்போது ஹெலிகொப்டர் ஓட்டுகிறாள். நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டம், மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை அடைபட்டுப்போகும். பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அங்குள்ள மைதானத்தில் ஹெலிகொப்டர் பத்திரமாக இறங்கினால் அவசர இடங்களின் பட்டியலில் அதைச் சேர்ப்பார்களாம். சோதனைக்கு ஒரே ஒரு காலைப்பொழுது கொடுத்திருந்தார்கள். "கீழ நிண்டு காத்தச் சொல்றதுக்கு வெளங்கின ஆள் வேணும், வா" என்றாள். இந்த ஆகஸ்டில் மூன்று நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

பதுளையிலிருந்து ஓட்டோவில் காலை 6.10க்குப் புறப்பட்டேன். ஸ்பிரிங்வெளி வழியாக 23 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம், 3,500 ரூபாய். பாதி தூரத்துக்கு மேல் உலகமே இல்லை. மூடுபனிக்குள் ஒரு வளைவு தெரியும், கொஞ்சம் தேயிலை தெரியும், பிறகு அதுவும் கரைந்துவிடும். எங்கோ மேலே பெண்கள் சிரித்துப் பேசும் சத்தம் மட்டும் கேட்டது. மலை ஏறுகிறோமா, மேகத்துக்குள் மிதக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டோக்காரர்தான் என்னை எழுப்பினார்: "ஹெலி வருதுன்னு இன்னைக்குப் பெரட்டுக்கு பாதிப்பேரு வரல சேர். கிரவுண்டுல பாருங்க, திருவிழாதான்." பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்.

கிரவுண்டில் எனக்காகக் காத்திருந்தவர் பரமேஸ்வரி, கொழுந்து பறிப்பவர். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு அவருடைய மருமகள் கலா. "ஐப்பசியில இவளுக்கு நாளு, தம்பி. அடைமழை நேரம். அந்த ஹெலி எறங்கிட்டா எனக்கு நிம்மதி" என்றார்.

காற்றுத் திசை காட்ட ஒரு கம்பமும் துணியும் வேண்டும் என்று அவரிடம் முதல்நாளே போனில் சொல்லியிருந்தேன். பரமேஸ்வரி கொண்டுவந்தது மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுச்சேலை. கை அகலத்துக்குச் சரிகை. அது நைந்துவிடாமலிருக்க நாலாக வேறு மடித்திருந்தார். "மேல இருந்து வர்றவங்க பார்க்குற துணி. கந்தலையா கட்டுறது?"

கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. பனியில் ஈரமும் ஏறியிருந்தது. வேறு துணி கேட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. கட்டிவிட்டேன்.

9.20க்குப் பனி விலகியது. மலையின் முதுகு மெல்ல வெளியே வந்தது. முதலில் சத்தம் வந்தது, பிறகு வெகுதூரத்தில் ஒரு புள்ளி. அந்த மைதானத்துக்கு இரண்டு வழிகள்தான். மேற்கே பாதைக்கு மேலாக வருவது சுலபம், மறிப்பு ஒன்றுமில்லை. கிழக்கே ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அதில் ஒரு மின்கம்பி. ஆனால் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது சுலபமான வழியில் வந்தால் காற்று வால்பக்கம் தள்ளும். இறங்கும் நேரத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை.

நிலூஃபா கம்பத்தைப் பார்த்தாள். பட்டு அசையாமல் தொங்கியது. "காத்தே இல்ல போல, மேற்கால வாறேன்" என்றாள், என் கையிலிருந்த ரேடியோவில். நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே மலை முகட்டிலிருந்து காற்று இறங்கி என் பிடரியில் அடித்தது. சேலையின் நுனி மட்டும் லேசாக ஆடியது.

"இறங்காத! மேல போ! காத்து மேற்க இருந்து வருது!"

தலைக்கு மேல் இரைந்துகொண்டு ஏறிப் போனாள். பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்தார். "பட்டு கனமுங்க, ஆடல" என்றேன். அடுத்த நொடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பக்கம் ஓடினார். கொடியில் காய்ந்த வெளுத்த நூல்சேலை ஒன்றை உருவி வந்து கட்டினோம். கட்டி முடிக்கும் முன்பே அது கிழக்கு நோக்கி நீட்டி நின்றது.

இரண்டாம் முறை பள்ளத்தாக்கு வழியாக வந்தாள். கம்பியைத் தாண்டி, காற்றில் சாய்ந்து, அவசரமே இல்லாமல் வந்தாள். தேயிலைச் செடிகள் அலை அலையாகப் படுத்து எழுந்தன. ஹெலியின் கால் புல்லில் பட்டதே தெரியவில்லை. எத்தனையோ ஓடுபாதைகளில் இறங்கியிருக்கிறேன், இப்படிக் கண் கலங்கியதில்லை.

இறங்கி வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "துணிக்கடக்காரன் மகளயே பட்டு ஏமாத்திரிச்சே" என்று சிரித்தாள். பரமேஸ்வரி சிரிக்கவில்லை.

"கனமுன்னு கட்டும்போதே தெரியுமா தம்பி?"

"தெரியுங்க. உங்க மனசு நோகுமேன்னு..."

"என் மனசு நோவுனா நாளைக்கு ஆறிரும். அந்தப் புள்ளதானே மேல இருந்துச்சு."

போக நினைக்கிறவர்களுக்கு: மூடுபனி விலகும் வரை பொறுமை வேண்டும், பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள், ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், ஆகஸ்டிலும் கம்பளிச் சட்டை வேண்டும். விமானிகளுக்குத் தனியாக ஒன்று: தெரிந்ததை, யார் முகம் வாடினாலும், சொல்லிவிடுங்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை.

மைதானத்தைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று நிலூஃபா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பரமேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐப்பசி மழையிலயும் வந்திருவீங்கதானே?" என்று கேட்டார். கலா வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

நிலூஃபா ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

"மேகம் எறங்கிட்டா வர ஏலாது, அம்மா."

பரமேஸ்வரி கையை விடாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப புரட்டாசியிலயே பதுளைக்குப் போயிரலாம், புள்ள. நடக்கத் தெம்பு இருக்கும்போதே."