அண்ணி உட்கார்ந்திருந்த பக்கம்

எனக்கு ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கடலூர் வீட்டுக்குத் திரும்பிய வாரம், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். கட்டிலுக்கு இடப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, நான் 'வாங்க' என்று சொல்வதற்காகக் காத்திருந்தாராம். நானோ வலப்பக்கம் நின்ற கணவரிடம் கேட்டேன்:

"ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. உங்க அக்காவுக்கு மட்டும் நேரமில்லையா?"

அண்ணி ஹார்லிக்ஸோடு அடுத்த பஸ்சில் ஏறிவிட்டார்.

எனக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது அன்றைக்குத்தான் வீட்டில் தெரியவந்தது. இருட்டாகத் தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். இருட்டுகூட இல்லை, உலகம் மூக்கு நுனியோடு முடிந்துபோயிருந்தது. தெருவில், "இடது கண்ணு போயிடுச்சாம்" என்றார்கள். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு மூளையில் என்று கணவர் போய் விளக்கினார். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார்கள்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. கணவர் கட்டுக்கட்டாகப் பொன்னாங்கண்ணி வாங்கிவந்தார். எதிர்வீட்டுக்காரர், "தேவனாம்பட்டினம் பீச்சுல சூரியன் வரும்போது கண்ணக் கொட்டாம பாருங்க, சரியாயிடும்" என்றார், தன் சோடாபுட்டிக் கண்ணாடியைத் துடைத்தபடி.

ஆஸ்பத்திரியிலிருந்து பார்வைப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண்தான் உள்ளதைச் சொன்னாள்.

"போன பார்வை திரும்பும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா தேடிப் பாக்கப் பழகிக்கலாம்."

செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினாள். அது கண்ணில் படும்வரை பார்வையை நகர்த்திவிட்டுத்தான் வரியைப் படிக்க வேண்டும். அதுவரை 'போலி டாக்டர் கைது' என்பதில் 'டாக்டர் கைது' மட்டும் படித்து, நம்ம டாக்டராக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவள் நான். பிறகு தட்டில் பட்டன்களைச் சிதறவிட்டு, இடது விளிம்பிலிருந்து பொறுக்கச் சொன்னாள். தலை வலித்தது. சில நாள் அழுதேன். ஆனாலும் விடவில்லை.

சில மாதங்கள் கழித்து அண்ணியின் மகளுக்கு வளைகாப்பு. அழைப்பு கணவருக்கு மட்டும்தான், நானும் போனேன். சிதம்பரத்தில் மண்டப வாசலில் நின்று, கண்ணை இடப்பக்கக் கடைசிவரை கொண்டுபோய்த் தேடினேன். சந்தனக் கிண்ணத்தோடு அண்ணி நின்றிருந்தார்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி? பொடவ எடுப்பா இருக்கு."

அண்ணி தம்பியிடம் திரும்பினார். "பாத்தியாடா? நல்லாத்தான் தெரியுது இவளுக்கு. அன்னிக்கு வேணும்னே பேசியிருக்கா."

கணவர் சந்தனத்தை வெகு அக்கறையாகப் பூசிக்கொண்டார்.

"நெசமா தெரியல அண்ணி. இப்பவும் தானா தெரியாது. தேடித்தான் உங்களக் கண்டுபிடிச்சேன்."

"என்னையத் தேடுனியா?" அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

பந்தியில் அவரே பரிமாறினார். இலையின் இடது மூலையில் ஜாங்கிரியை வைத்துவிட்டு, நகராமல் என்னையே பார்த்தார். நான் கண்ணை நகர்த்தி, அதை எடுத்துக் கடித்தேன். உடனே பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"நடராஜர்கிட்ட நான் வேண்டிக்கிட்டேன். கண்ணு வந்துடுச்சு பாருங்க!"

எப்போது வேண்டிக்கொண்டார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு ஜாங்கிரி விழுந்தது. இந்த முறை இலையின் வலப்பக்கம்.