ஒரே பெயரில் இரண்டு பாட்டு

குவைத்தின் மங்காஃபில் எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா நர்ஸ், அப்பா ரிஃபைனரியில் டெக்னீஷியன். ஒருவர் டியூட்டி முடிந்து வரும்போது இன்னொருவர் கிளம்புவார். அதனால் பகலில் மிக்சி ஓடாது, டிவி வாயைத் திறக்காது. நான் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். அம்மாவுக்குச் சத்தமே ஆகாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

நான்காம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழா நடனத்தில் என்னைச் சேர்த்தார்கள். அதுவும் முன்வரிசையில், நடுவில். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு ஸ்பானிஷ். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கேட்டால் கால் சும்மா இருக்காது. மால்களில் எல்லாம் அப்போது அதுதான் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஹாலில் ஆடிப் பழகினேன். நைட் டியூட்டி முடிந்து தூங்கும் அம்மா, இடையில் தண்ணீர் குடிக்க எழுந்து வருவாள். கதவருகே கொஞ்ச நேரம் நின்று என் காலைப் பார்ப்பாள். பாட்டு அவள் காதில் விழுந்ததே இல்லை.

பாட்டைப் பென்டிரைவில் கொண்டுவரும் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார். பாட்டின் பெயரைத் தாளில் எழுதி, அம்மாவுக்கென்று ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். எங்கள் வீட்டில் சேதியெல்லாம் ஃபிரிட்ஜ் வழியாகத்தான் போகும். காலையில் பென்டிரைவ் என் பையில் இருந்தது.

மேடையில் எட்டுப் பேரும் கையை உயர்த்தி நின்றோம். வந்தது வேறு ஏதோ. பெயர் அதேதான், மெட்டும் அதேதான், ஆனால் பழைய காலத்து ஆள் ஒருவர் கிடாரோடும் மேளத்தோடும் அவசரமே இல்லாமல் பாடினார். நாங்கள் பழகியது அதன் புது வடிவம், இதைப்போல இரண்டு மடங்கு வேகம். உயர்த்திய கையை யாரும் இறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் அழத் தொடங்கிவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் அம்மா காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவளைத் தேடினேன். டியூட்டியிலிருந்து நேராக வந்தவள், யூனிஃபார்மோடு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். கைப்பையை அப்பாவிடம் கொடுத்தாள். பிறகு ஆடினாள்.

மூன்று அடி, ஒரு நிறுத்தம், இடுப்பில் ஒரு சின்னத் திருப்பம். நான் பழகிய அதே அடிகள்தான். ஆனால் நாங்கள் ஓடிக் கடந்த ஒவ்வொரு அடியிலும் அவள் ஒரு நொடி நின்று, சிரித்து, நகர்ந்தாள். வார்டில் ஓடியோடிக் களைத்த அந்த வெள்ளை ஷூக்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை. அப்படி ஓர் அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னையறியாமல் அவளைப் பார்த்து ஆடத் தொடங்கினேன். என்னைப் பார்த்து மற்ற ஏழு பேரும் ஆடினார்கள்.

திரும்பும்போது காரில் அப்பா கேட்டார்: "ஏளா, இதெல்லாம் எங்க படிச்ச?"

"கல்யாணத்துக்கு முன்ன, இங்க நர்ஸ் ஹாஸ்டல்ல. கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரி தெனமும் இந்தப் பாட்டத்தான் போடுவா. டியூட்டி முடிஞ்சு வந்து எல்லாரும் ஆடுவோம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டு வாசலில் அம்மா ஷூவைக் கழற்றியபடி, "ஏட்டி, மெதுவா நட. அப்பா நைட் டியூட்டிக்குப் போணும், தூங்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆடி நான் பார்க்கவில்லை.

அம்மா பாட்டை மாற்றிக் கொடுத்த கதையைப் பள்ளியில் பல நாள் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பாட்டுக்கு இன்றும் புதுப்புது வடிவங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எது கண்ணில் பட்டாலும் அவளுக்கு அனுப்பிவிடுகிறேன். அந்த இரண்டு மாதமும் அவள் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்து வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.