காவிரிக்கு அந்தப் பக்கம் அக்னஸ்

காளியாயிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அக்னஸ் ஒரு தடவையாவது தோற்க வேண்டும். அதுவும் தன்னிடம் தோற்க வேண்டும்.

காட்டூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் அவள். பிள்ளைகளுக்கு பி.டி. மேம். வயது நாற்பத்து நாலு. வையம்பட்டியில் சோளக்காட்டு மண்ணில் கபடி ஆடி வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "இங்க கபடி கிடையாதும்மா, கால்பந்துதான்" என்று சொல்லிப் பந்து மூட்டையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். பந்தை எப்படி உதைப்பது என்பதையே போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஆறு வருஷம் நாய்படாத பாடு பட்டு ஒரு அணியைத் தேற்றி லீக் பைனல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். லேசுப்பட்ட காரியமா அது?

அக்னஸுக்கு அந்தப் பாடெல்லாம் கிடையாது. பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்தவள், நடை பழகும்போதே பந்தோடு பழகியவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்லூரிக்கு கோச். எட்டு வருஷமாக பைனலில் மோதுவது இந்த இரண்டு கல்லூரிகள்தான்; எட்டு வருஷமும் கோப்பை அக்னஸுக்குத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெயித்த கையோடு குளுக்கோஸ் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, "கலைமதி, முட்டி எப்படி இருக்கு கண்ணு?" என்று பேர் சொல்லி விசாரிப்பாளே, அதைத்தான் காளியாயியால் சகிக்க முடியாது. தோற்ற பிள்ளைகளும் வெட்கமில்லாமல் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கும்.

போன வருஷம் சீசன் முடிந்து எல்லாக் கல்லூரி பி.டி.க்களும் கூடிய கூட்டத்தில், பதினெட்டு அணிகளும் ஒரே லீக்கில் ஆடுவது கட்டுப்படியாகவில்லை, இரண்டாகப் பிரிக்கலாமா என்று பேச்சு வந்தது. அன்றைக்கு அக்னஸ் வரவில்லை. காளியாயி சட்டென்று எழுந்தாள்.

"காவிரிக்கு வடக்கே ஒரு மண்டலம், தெற்கே ஒரு மண்டலம்னு பிரிச்சிடுங்க சார். பிள்ளைங்களுக்கு பஸ் அலைச்சலாவது மிச்சமாகும்."

பிள்ளைகள் மேல் என்ன அக்கறை பாருங்கள் என்று ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். அக்கறையாவது, மண்ணாவது. ஸ்ரீரங்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அக்னஸ் பெரம்பலூரோடும் அரியலூரோடும் போய்த் தொலைந்தால், இந்தப் பக்கத்துக் கோப்பை தனக்கு. அவள் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

ஜூன் மாதம் சேதி வந்தது. அக்னஸுக்கு இதுதான் கடைசி சீசன், அடுத்த மே மாதம் ரிட்டயர்மென்ட். அன்றைக்குக் காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. லீக்கை இரண்டாகப் பிரித்தாகிவிட்டது, அதில் மோத இனி வழியில்லை. இரண்டு மண்டலத்திலும் ஜெயித்தவர்கள் மோதும் பெரிய பைனல் ஒன்றுதான் பாக்கி. அதில் சந்திக்க வேண்டுமானால் இவளும் ஜெயிக்க வேண்டும், அவளும் ஜெயிக்க வேண்டும்.

தெற்கு மண்டலம் சப்பென்று முடிந்தது. ஒரு மேட்ச் ஆறு கோல், இன்னொன்று எட்டு கோல். ஒரு கல்லூரிக்குப் பதினோரு பேர் சேரவில்லை என்று கோகோ ஆடுகிற பெண்கள் மூன்று பேருக்கு ஜெர்சி மாட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். கோல் கீப்பர் வைஷ்ணவி பாதி மேட்ச் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டாள். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். காளியாயி அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் புருஷன் பாலு கேட்டான்: "உனக்குக் கப்பு வேணுமா, இல்ல அந்தம்மா தோக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"ஏதாவது ஒண்ணுதான்னா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

வடக்கு மண்டல பைனல் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. லீவு போட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போய், கேலரியின் கடைசிப் படியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அக்னஸை எதிர்த்து ஆடியது அரியலூர்ப் பக்கத்துப் புதுக் கல்லூரி. கோச் ஷாஜியாவுக்கு இருபத்தேழு வயதிருந்தால் அதிகம். எட்டு வருஷமாக எந்தச் சமயபுரத்தாளிடம் அக்னஸ் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ, அவளிடமே இன்றைக்கு மாற்றி வேண்டினாள். ஜெயித்துத் தொலையேன், ஜெயித்துத் தொலையேன் என்று வாய்க்குள்ளேயே முனகினாள்.

முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது அரியலூர்ப் பெண் ஒருத்தி மேட்சின் ஒரே கோலைப் போட்டாள். விசில் அடித்தபோது அக்னஸின் முதுகுதான் கேலரிக்குத் தெரிந்தது. அவள் போய் ஷாஜியாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பரிசளிப்பில் மைக்கைப் பிடித்து, "எத்தனையோ வருஷமாச்சு, என்னை யாரும் இப்படித் திணறடிச்சதில்ல" என்றாள்.

அப்படியானால் இத்தனை வருஷம் நான் என்ன பூப்பறித்துக்கொண்டிருந்தேனா? காளியாயிக்குக் காது சுட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஷாஜியாவைத்தான் கரித்துக்கொட்டினாள். நேற்று முளைத்தவள், ஒரே மேட்சில் தன் சொத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளே என்று ஆற்றாமையாக இருந்தது.

பெரிய பைனல் ஒரு பக்கமாகவே நடந்தது. "அந்த டீமை மூச்சு விட விடக் கூடாது" என்றுதான் சொல்லி அனுப்பினாள். கலைமதி இரண்டு கோல் போட்டாள், மொத்தம் மூன்று. பிள்ளைகள் மேமைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவள் விலக்கிவிட்டு, கோப்பையோடு நேரே ஷாஜியாவிடம் போனாள். அழுது கண் சிவந்திருந்த அந்தப் பெண், பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னைக்கு ஸ்ரீரங்கத்துல விசில் அடிச்ச நிமிஷம், அக்னஸ் அக்கா மூஞ்சி எப்படி இருந்துச்சு? நீ எதிர்ல நின்ன. நான் முதுகைத்தான் பார்த்தேன்."

ஷாஜியா முழித்தாள். "சிரிச்சாங்க மேடம். எனக்கே ஆச்சரியமாப் போச்சு."

காளியாயி கோப்பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட தோத்திருந்தா சிரிச்சிருக்க மாட்டா" என்றாள். சொன்னவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.