நீல அட்டைப் புத்தகம்

என் பீரோவில் நாணயங்களுக்கான விலைப் புத்தகங்கள் நான்கு இருக்கின்றன. மூன்றைப் படிப்பதற்காக வாங்கினேன். நீல அட்டை போட்ட நான்காவதை, கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறேன்.

அதை எனக்கு விற்றவன் மாமல்லபுரத்தில் பழைய காசுக் கடை வைத்திருப்பவன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன்தான், ஆனால் ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. சிற்பப் பட்டறைகளைத் தாண்டி, கடற்கரைக்குப் போகும் வழியில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பான். ஒரு சனிக்கிழமை அவனிடம் ஒரு காசைக் கொண்டுபோனேன். என் மனைவி மறைமலைநகரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் டிபன் கடை நடத்துகிறாள். கல்லாவில் விழும் சில்லறையைத் துழாவி, வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கென்று எடுத்து வைப்பாள். அப்படிக் கிடைத்த அழுக்கேறிய பழைய பெரிய ஒரு ரூபாய் அது. வருடத்துக்குக் கீழே பொடி நட்சத்திரம். ஹைதராபாத்தில் அடித்தது என்று அர்த்தம்.

அவன் நீலப் புத்தகத்தைப் பிரித்தான். “நானா ஒண்ணும் சொல்லல சார். புக்குல போட்டுக்கீது, நீயே பாரு. அம்பது ரூபா.”

பார்த்தேன். அச்சில் ஐம்பது என்றுதான் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? இவ்வளவு நேர்மையான புத்தகம் நம்மிடமும் இருக்கட்டும் என்று, அந்த ஐம்பதுக்கு மேல் இன்னும் நூற்றைம்பது போட்டு, அதில் இன்னொரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்தேன். என்னை ஏமாற்றிய புத்தகத்தை நானே காசு கொடுத்து வாங்கினேன்.

அடுத்த மாதம் போனபோது என் நட்சத்திரம் கண்ணாடிக்குள் இருந்தது. அட்டையில் ஆயிரத்து ஐந்நூறு. இதென்ன என்று கேட்டதும், மேஜைக்கு அடியிலிருந்து தடியான வேறொரு புத்தகத்தை எடுத்துக் காட்டினான்.

“அது வாங்குற புக்கு. இது விக்கிற புக்கு. இதுகூடத் தெரியாம இன்னா சார் காசு சேக்குற?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். அளக்கும் கருவியை எடுத்தால், முதலில் அது எப்போது சரிபார்க்கப்பட்டது என்று ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் பார்ப்பேன். தேதி தாண்டியிருந்தால் தொடக்கூட மாட்டேன். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன், பல வருடம் பழசான அந்த நீலப் புத்தகம் அச்சான வருடத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி திட்டவில்லை. “உனுக்குன்னு பொறுக்கி வச்சேன்யா. அவனுக்கா வச்சேன்?” என்றாள். அன்றோடு கல்லாவைத் துழாவுவதை விட்டுவிட்டாள். அதற்காகத்தான் அவனை நான் மன்னிக்கவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், மாதம் ஒரு ஞாயிறு காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். அங்கே நல்ல புத்தகத்தைத் தேடினேன். என் கண்ணெதிரே விலைபோன ஐந்து காசுகளைக் குறித்துக்கொண்டேன். யார் எந்தப் புத்தகத்தைப் புகழ்ந்தாலும் அந்த ஐந்தையும் அதில் தேடினேன். நீலப் புத்தகம் வருடத்துக்கு ஒரே விலைதான் போட்டிருந்தது. எந்த ஊரில் அடித்தது என்ற பேச்சே இல்லை. இன்னொன்றில் தேய்ந்த காசுக்கும் புதுக் காசுக்கும் ஒரே விலை. கடைசியில் ஒன்று தேறியது. ஊர்வாரியாகத் தனி விலை, தேய்மானத்துக்கு நான்கு கட்டம், கழுவித் தேய்த்த காசுக்கு மதிப்பில்லை என்று முன்பக்கத்திலேயே எச்சரிக்கை.

அந்தக் கூட்டத்துக்கு அவனும் மேஜை போடுவான். பக்கத்து மேஜையை நான் பிடித்தேன். நீலப் புத்தகத்தையும் தேறிய புத்தகத்தையும் விரித்து வைத்து, ஒரு அட்டையில் எழுதினேன்: ‘விற்கும் முன் இங்கே பாருங்கள். இலவசம்.’

அவனிடம் விற்க வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் திரும்பினார்கள். இரண்டையும் காட்டுவேன், வாயே திறக்க மாட்டேன். காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். தங்கமான மனுஷன் என்று என் கையைப் பிடித்தார்கள். சேவையாவது ஒன்றாவது! காலியான மேஜையில் அவன் ஈ ஓட்டுவதைப் பார்க்கத்தான் போனேன். அந்த ஞாயிறுகளில் எனக்கு நன்றாகப் பசித்தது.

ஐந்தாம் மாதம் எழுந்து வந்தான். “இன்னாபா வேணும் உனுக்கு? ஏன் பேஜார் பண்ற?”

“என் நட்சத்திரம் வேணும். உன்னோட நீலப் புத்தக விலைக்கு.”

ஐம்பது ரூபாயை வைத்தேன். முறைத்தான். பிறகு பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டான். புதுப் பாத்திரம் போல மின்னியது. புளி போட்டுத் தேய்த்திருந்தான்.

“வெள்ளக்காரனுக்குப் பளபளன்னு இருந்தாதான் புடிக்கும். அப்பிடியும் ஒருத்தனும் வாங்கல” என்றான்.

நல்ல புத்தகத்தின் கணக்கில் அது இனி வெறும் ஒரு ரூபாய். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது கம்பெனி பஸ் போன பிறகு, கடையில் மனைவியின் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். நட்சத்திரத்தை நகத்தால் தடவினாள்.

“இது நான் எடுத்தது இல்லய்யா. அது அழுக்கா இருந்துச்சு.”

கல்லாவுக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குத் தோசை ஊற்றப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் என் மேஜையை அவன் மேஜைக்கு இன்னும் இரண்டடி பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.