நிமியாவை அழித்த மதியம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கணவர் டெர்லிஸே முதலில் நம்பவில்லை. ஆனாலும் இது நடந்தது. அதுவும் நடுநிசியில் அல்ல, பட்டப்பகலில். எங்கள் ஊர் லூக்கேயில் மதிய உறக்க நேரத்தைப் போல ஆளரவமற்ற நேரம் வேறு கிடையாது. கடைகள் மூடிவிடும். நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகளை வாசல் தாண்ட விடமாட்டோம்.

அப்போது எனக்கும் டெர்லிஸுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த மாதம் என்று நாள் குறித்திருந்தோம். அவருடைய முதல் மனைவி நிமியா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் யெருத்திக்கு ஆறு வயது.

நான் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குடும்பம் முழுக்கச் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு நாட்காட்டிச் செயலி எங்களுடையது. யாராவது ஒருவர் ஒரு வேலையை எழுதி வைத்தால், அந்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் மணி அடிக்கும். அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. நிமியா இருந்த காலத்திலிருந்து அந்த வீட்டிலும் அதுதான். அவள் பெயரை அதிலிருந்து எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் டெர்லிஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கேட்டுவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போனார். அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் வாசல் வரை அவருடன் போனேன். எங்கள் கதை அப்படித்தான் தொடங்கியது.

தினமும் காலை ஆறரைக்கு மணி அடிக்கும். நிமியாவின் சிரித்த முகம் வட்டமாக வரும். கீழே அவள் என்றோ எழுதி வைத்த ஒரே வரி: ‘யெருத்திக்கு ஸ்வெட்டர்.’ எங்கள் ஊரில் கோடை வெயிலில் தார் உருகும் ஜனவரியிலும் அதே ஸ்வெட்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பெயர் அங்கிருந்து போனால்தான் மனைவியாக இந்த வீட்டுக்குள் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

“நீயே எடுத்துடு, சுனி. என்னால முடியல,” என்றார் டெர்லிஸ்.

அவருடைய அக்கா ரமோனா அடுப்படியிலிருந்து சிரித்தாள். “செத்தவகூட மல்லுக்கு நிக்கிற முதல் ஆளு நீதான்டி.”

“ஜெயிக்கப்போறதும் நான்தான், அண்ணி.”

செயலியில் அதற்குப் பொத்தான் கிடையாது. ஒருவர் பெயரை அவரே நீக்கிக்கொண்டால்தான் உண்டு. இறந்தவர் எப்படி நீக்குவார் என்று எங்கள் ஆட்கள் யோசிக்கவில்லை. ஆனால் என்னிடம் சோதனைக் கருவி இருந்தது. அது பிரவுசரைத் தானே திறக்கும். தானே உள்ளே நுழையும். ‘இதை அழி’ என்ற கோரிக்கையை நேராக சர்வருக்கு அனுப்பும். பதிலாக ஓர் எண் வரும். 204 என்றால் அழித்தாயிற்று. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. சோதனைக்காரர்கள் ஒருமுறை அழிப்பதோடு விடுவதில்லை. அழித்ததையே மறுபடியும் அழிப்போம். அப்போது 404 வந்தால்தான் போனது உண்மையிலேயே போனது என்று அர்த்தம்.

அது ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, எங்களுக்குக் கடுங்குளிர் காலம். காலையிலிருந்து தெற்குக் காற்று எலும்பைத் துளைத்தது. டெர்லிஸ் அவருடைய அம்மாவைக் கூட்டிவர வில்லாரிக்கா என்ற ஊருக்குப் போயிருந்தார். ரமோனாவும் நானும் குழந்தையும்தான் வீட்டில். சாப்பிட்டதும் ரமோனா முற்றத்தில் கணப்புச் சட்டியை மூட்டினாள். புகை அடங்கிக் கரி சிவக்கும் வரை வெளியிலேயே வைத்திருந்தாள். புகை போய்விட்டால் பயமில்லை என்று எல்லோரும் செய்வதுதான். பிறகு அதைக் கொண்டுபோய் யெருத்தியின் அறையில் வைத்து, குளிர் புகாதபடி கதவைச் சாத்திவிட்டு, தானும் படுக்கப் போனாள்.

நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். மணி 1:32.

கருவியை ஓடவிட்டேன். பிரவுசர் திறந்தது. உள்ளே நுழைந்தது. கோரிக்கை போனது.

204.

மனம் லேசானது. பாவமாகவும் இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன். வழக்கப்படி இரண்டாவது முறை அனுப்பினேன்.

204.

இல்லாததை எப்படி அழிக்க முடியும்? பக்கத்தைப் புதுப்பித்தேன். நிமியா சிரித்தாள். கீழே ஸ்வெட்டர் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

‘கதவு.’

ரமோனாவின் வேலை என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தேன். வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது.

திரும்பி வந்தேன். மீண்டும் அனுப்பினேன். 204. புதுப்பித்தேன்.

‘கதவைத் திற.’

கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது. டக்... டக்... பிறகு அதுவும் நின்றது.

எனக்குப் பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மூன்று வருடம் அழுது தீர்த்த ஒரு மனிதர். அம்மா குரலே மறந்துபோன ஒரு குழந்தை. இப்போதுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இவள் உள்ளே வரவேண்டுமாம்...

எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். கொல்லைக் கதவையும் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வந்து திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

“நிமியா, உன் காலம் முடிஞ்சுபோச்சு. இது இனிமே என் வீடு. திறக்க மாட்டேன். என்ன பண்ணுவ?”

அனுப்பினேன். 204.

அனுப்பினேன். 204.

அதன் பிறகு நான் எதையும் தொடவில்லை. பக்கம் தானே புதுப்பித்துக்கொண்டது.

‘அந்தக் கதவு இல்ல.’

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன... என் கருவி அப்படித் தட்டாது. அது மொத்தமாகப் போடும். இது ஒரு விரலால், அவசரமாக...

‘யெ...’

‘யெருத்...’

ஓடினேன்.

அறைக் கதவை உதைத்துத் திறந்தேன். உள்ளே வெதுவெதுப்பு. புகை இல்லை. வாசனைகூட இல்லை. கரி அழகாகச் சிவந்திருந்தது.

யெருத்தி கட்டிலில் கிடந்தாள். கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. கூப்பிட்டேன். உலுக்கினேன்.

தலை தொங்கியது.

தூக்கிக்கொண்டேன். கொல்லைக் கதவு பூட்டியிருந்தது. நானே பூட்டியது. சாவி... பையில்... துழாவி எடுத்துத் திறந்தேன்.

முற்றம். காற்று.

“மூச்சு விடுடி தங்கம். விடு.”

இல்லை...

இல்லை...

இருமினாள்.

என் தோளில் வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூடிய அறையில் கரி விடும் நச்சுக் காற்று, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்றார்கள். இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ‘கொஞ்சம் தாமதமாகியிருந்தால்’ என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ரமோனா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். திரையில் பார்த்ததை நான் அவளிடமும் டெர்லிஸிடமும் மட்டும் சொன்னேன். டெர்லிஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நானும் அந்தக் கரிக் காற்றைச் சுவாசித்திருப்பேன், அதனால்தான் இல்லாதது கண்ணில் தெரிந்தது என்றார். ரமோனா உடனே நம்பினாள். பாதிரியாரைக் கூப்பிடலாம், இந்த வீடு வேண்டாம், விற்றுவிட்டு நகரத்துப் பக்கம் போய்விடலாம் என்று புலம்பினாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றே சொன்னேன்.

“யாரும் எங்கேயும் போக வேண்டாம், அண்ணி. நானும் போகல. அவளும் போக வேண்டாம். ஒரு புள்ளைக்கு ரெண்டு பேர் இருந்தா என்ன கெட்டுப்போச்சு?”

அடுத்த மாதம் அதே வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. ஆறரை மணிக்கு இன்றும் மணி அடிக்கிறது. நான் ஸ்வெட்டரை எடுத்து வைக்கிறேன். ஜனவரியிலும்.

ஆனால் டெர்லிஸை நம்பவைத்தது நான் சொன்னது அல்ல. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு இன்டர்நெட் லைன் சரிசெய்ய ஒருவர் வந்தார். தெருமுனை மாமரத்துக் கிளை முறிந்து கேபிள் அறுந்துவிட்டதாம். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முன்பே எங்கள் தெரு முழுக்கத் தொடர்பு போய்விட்டது என்றார். நானும் டெர்லிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் அப்படியே என் அலுவலகத்துக்குப் போனோம். சர்வரைக் கவனிக்கும் ஓஸ்மாரிடம், சனிக்கிழமை நான் அனுப்பிய கோரிக்கைகளைத் தேடச் சொன்னேன்.

அவன் நெடுநேரம் தேடினான்.

“சுனி, உன்கிட்டேர்ந்து அன்னைக்கு ஒண்ணுகூட இங்க வந்து சேரலையே.”

“204 வந்துச்சு, ஓஸ்மார். ஒவ்வொரு தடவையும் வந்துச்சு.”

“நாங்க அனுப்பல.” அவன் நாற்காலியை மெதுவாக என் பக்கம் திருப்பினான். “அப்போ உனக்குப் பதில் சொல்லிட்டிருந்தது யாரு?”

டெர்லிஸ் என் கையை இறுகப் பிடித்தார். ஓஸ்மார் திரையைப் பார்த்தான். நிமியாவின் பெயர் சர்வரில் அப்படியே இருந்தது. யாரும் தொட்ட தடயம் இல்லை. அழிக்கத்தானே நினைத்தாய், ஒரு நொடி வேலை, இங்கிருந்தே அழித்துவிடுகிறேன் என்று மவுஸை நகர்த்தினான்.

“கையை எடு, ஓஸ்மார்,” என்றேன்.