ஹெலியைக் கண்டு ஒளித்த மலையேறி

2018 ஆகஸ்டில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை எங்கள் யசோதரனைப் பற்றி எழுதியது: "காணாமல்போன மலையேறி உயிருடன் மீட்பு." மலையேறியாம்! எங்கள் கடைப்பக்கத்து லா சப்பல் மெத்ரோ நிலையத்தின் படிகளையே திட்டிக்கொண்டு ஏறுகிறவன் அவன். அன்றைக்குக் காலில் பாட்டாச் செருப்பு. கையில் கயிறுமில்லை, கோடரியுமில்லை, ஒரு தண்ணீர்ப் போத்தல். எதற்கென்று நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை.

2009இல் சண்டை முடிந்த கையோடு வன்னியிலிருந்து வந்தவன் யசோதரன். என் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, கொத்துரொட்டித் தட்டுவரை முன்னேறினான். கதை கிடையாது, வேலைதான். ஒரேயொரு கிறுக்கு அவனுக்கு. ஜூலை பதினான்காம் திகதி தேசிய நாளுக்கு விமானங்கள் பறக்கும்போது நிலவறைக்கு வெங்காயம் பார்க்கப் போய்விடுவான். "வெங்காயம் எழும்பி ஓடுமோடா?" என்று கேட்டால் சிரிப்பான். மனைவி ரதிதேவியும் மகள் ஆரணியும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள், புறநகர் வில்லியே லே பெல்லில் வீடு. 2018இல் ஆரணிக்குப் பதினொரு வயது, வாய்க்கு ஐம்பது வயது. "பப்பா சரியான பயந்தாங்கொள்ளி" என்று வாடிக்கையாளருக்கு முன்னாலேயே சொல்லுவாள். அதற்கும் சிரிப்பான்.

அந்த ஆகஸ்டில் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து, எல்லாரும் இத்தாலி எல்லையோரம் ஷாமோனிக்கு மலை பார்க்கப் போனோம். பிரெஞ்சுக்காரன் மலைக்கு ரொட்டித்துண்டோடு போவான். நாங்கள் ஒரு கிடாரம் புரியாணியோடு கம்பியில் தொங்கும் வண்டியில் மேலே ஏறினோம். புரியாணி தன் வேலையைக் காட்ட, யசோதரன் போத்தலோடு பாறைகளுக்கு அப்பால் போனான். பின்னாலேயே பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. அவனுடைய தொலைபேசி ரதிதேவியின் கைப்பைக்குள் கிடந்தது.

தொண்டை கிழியக் கத்தினோம், பதிலில்லை. மலை மீட்புப் படை ஜோந்தார்ம் பொலிஸார் வந்தார்கள். மூட்டம் விலகியதும் ஹெலிகொப்டர் வந்து, தலைக்கு மேலே சுற்றுச் சுற்றென்று சுற்றியது. கடைசியில் அதிகாரி கையை விரித்தார்.

"மேலே வெட்டவெளி. ஆள் இருந்தால் கையசைத்திருப்பார். எங்கேயோ விழுந்துவிட்டார் போலிருக்கிறது. இருட்டினால் இந்தக் குளிரில், செருப்போடு, விடியும்வரை தாங்க மாட்டார்."

ஆரணி அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னாள். அதுவரை அழுதுகொண்டிருந்த ரதிதேவி சட்டென்று மூக்கைச் சீறினாள்.

"ஹெலியையோ அனுப்பினவங்கள்? மூளையிருக்கோ இவங்களுக்கு! அந்த மனுசன் ஹெலியைக் கண்டா கையாட்டுமே? பாறைக்குக் கீழை பூந்திருக்கும். முதல்லை அதை நிப்பாட்டச் சொல்லடி!"

அதிகாரி பாவம், தேடுதலை நிறுத்தினால்தான் ஆள் கிடைப்பார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லைப் போலும். ஆனாலும் நல்ல மனிதர். ஹெலியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒலிபெருக்கியை ரதிதேவியின் கையில் கொடுத்தார். அவர்களுக்குப் பின்னால் நாங்களும் பாறைகளுக்குள் நடந்தோம். அவள் போட்ட சத்தம் இத்தாலிக்கும் கேட்டிருக்கும்.

"இஞ்சாருங்கோப்பா! ஹெலி போயிட்டுது! நான்தான் கூப்பிடுறன்! இப்ப வெளியிலை வரேல்லையோ, நானே கொல்லுவன்!"

ஒரு பெரிய பாறைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு செருப்பு வெளியே வந்தது. அடுத்து வந்தது நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரி. அதற்குப் பிறகுதான் யசோதரன் வந்தான். ஐயோ முருகா, இது என்ன கூத்து!

அந்த அம்மா பெயர் மர்கரீத். தனியாக நடக்கப் போய், மூட்டத்தில் கால் பிரண்டு விழுந்தவர். யசோதரன்தான் தூக்கிவந்து பாறை ஓரம் இருத்தி, தன் கம்பளிச் சட்டையையும் போர்த்தியிருக்கிறான். அதுவரை சரி. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது மர்கரீத் கொதித்துப்போனார்.

"ஹெலிகொப்டருக்குக் கையசைக்க எழும்பினேன், இந்த ஆள் இழுத்து விழுத்திவிட்டார்! அது வரும்போதெல்லாம் எனக்கு மேலே கவிழ்ந்து, என் தலையைக் கையால் பொத்தினார். இவருக்கு என்ன பைத்தியமா?"

யசோதரன் என் கையைப் பிடித்தான். "அண்ணை, அது திரும்பி வருமோ?"

"வராது, வாடா" என்றேன்.

மர்கரீத் கேட்டதை ஆரணி தாயிடம் சொன்னாள். ரதிதேவி ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.

"பைத்தியமில்லை எண்டு சொல்லு. வன்னியிலை ஹெலியும் பிளேனும் வந்து அடிக்கேக்கை, பிள்ளையை இப்பிடித்தான் மூடிக்கொண்டு கிடந்தவர்."

விசா புதுப்பிக்கும் பிரிபெக்தூரிலும் ஆஸ்பத்திரியிலும் தாய் தகப்பனுக்குக் கதைத்துப் பழகிய வாய் ஆரணியுடையது. காதில் விழுந்ததை அப்படியே பிரெஞ்சில் ஒப்புவித்தாள். மர்கரீத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். அதையும் ஆரணி அதே வேகத்தில் தமிழாக்கினாள்.

"அம்மா, அந்தப் பிள்ளை தப்பினதோ எண்டு கேக்கிறா."

"விசரி, அது நீதானடி" என்றாள் ரதிதேவி.

மர்கரீத் பதிலுக்காக ஆரணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணிக்குப் பிரெஞ்சு வரவில்லை.